டெக்கன் பெருசா, ஸ்ட்ரீட் ஃபைட்டர் பெருசா?

இன்ஜினியரிங் படிக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது: "அண்ணா, எந்த சண்டை கேம் பெருசுன்னு எங்க ஹாஸ்டல்ல தினமும் இதே சண்டைதான். டெக்கன் வெறும் பட்டன் அமுக்குற கேம்னு ஒருத்தன் சொல்றான். ஸ்ட்ரீட் ஃபைட்டர்ல தூர இருந்தே பந்து விட்டா வேலை முடிஞ்சுதுன்னு இன்னொருத்தன். மரியோ ஆளுங்க மோதுற ஸ்மாஷ் சின்னப் பசங்க கேமாம். நெஜமா எதுக்குத் திறமை அதிகம் வேணும்? எது ஆழம்? எதுல கேரக்டர்களுக்கு நடுவுல பேலன்ஸ் இருக்கு? நாங்க நாலு பேர் காசு போட்டு ஒண்ணு வாங்கப் போறோம், எதை வாங்கலாம்?"

வாங்குவதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். மற்ற மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டீர்கள் பாருங்கள், உங்கள் ஹாஸ்டல் சண்டை தீராததற்குக் காரணம் அதுதான். திறமை வேண்டியிருக்கிற கேம் ஆழமாகத்தான் இருக்கும், ஆழமாக இருந்தால் பேலன்ஸாகவும் இருக்கும் என்று மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். அப்படி இல்லை தம்பி. கை ஒடிய ஒடியப் பயிற்சி கேட்டுவிட்டு, உள்ளே ஒன்றும் இல்லாத கேம்கள் உண்டு. பேலன்ஸ் படுமோசமாக இருந்தும் இருபது வருஷம் ஆடித் தீராத கேம்களும் உண்டு.

என் கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில் மேற்கு மாம்பலத்தில் ஒரு சந்துக்குள் வீடியோ கேம் கடை இருந்தது. நாலு மெஷின், ஒரு ரூபாய்க்கு ஒரு காயின். ஒரு மெஷினில் முஸ்தபா (அதன் நிஜப் பெயர் காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ் என்று எனக்குத் தெரியவே இருபது வருஷம் ஆனது). பக்கத்து மெஷினில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2. தோற்றவன் எழுந்திருக்க வேண்டும், ஜெயித்தவன் அதே காயினில் தொடர்ந்து ஆடுவான். பள்ளிக்கூடப் பையனின் ஒரு ரூபாய் என்பதால் ஒவ்வொரு ரவுண்டும் கோர்ட் கேஸ் மாதிரி நடக்கும்.

அந்தக் கடையில் ஒரு சட்டம் இருந்தது: "புடிச்சுப் போடக் கூடாது." கிட்டே வந்து பிடித்து எறிகிற த்ரோவுக்குத் தடை. அது சீட்டிங் என்பது எல்லோருடைய கருத்தும், கடைக்கார அண்ணன் உட்பட. காரணமும் நியாயமாகத்தான் பட்டது: மற்ற அடிகளைத் தடுக்கலாம், த்ரோவைத் தடுக்க முடியாது. ஒழுங்காகத் தடுத்துக்கொண்டிருப்பவனைப் பிடித்து எறிவது என்ன நியாயம்?

நடந்தது என்ன தெரியுமா? கைல் என்ற கேரக்டரை எடுத்த ஒரு பெரிய பையன் ஸ்டிக்கைப் பின்பக்கம் கீழே இழுத்துப் பிடித்து உட்கார்ந்துவிட்டான். அந்த ஒரே நிலையில் கைலுக்குக் கீழடியும் படாது, அவனுடைய இரண்டு ஸ்பெஷல் அடிகளும் சார்ஜ் ஆகிக்கொண்டே இருக்கும். தூர நின்றால் சோனிக் பூம் என்ற பந்தை விடுவான், எகிறி வந்தால் காலைச் சுழற்றி ஒரு உதை. நடந்து கிட்டே போய்விடலாம், போய்? அடித்தால் தடுப்பான், த்ரோ பண்ணக் கூடாது. ஒரு வாரம் எவனாலும் அவனை எழுப்ப முடியவில்லை. அடுத்த வாரம் இரண்டாவது சட்டம் வந்தது: கைல் எடுக்கக் கூடாது.

பல வருஷம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. தடுப்பு அடியை வெல்லும், த்ரோ தடுப்பை வெல்லும், த்ரோவுக்காகக் கிட்டே வருகிறவனைச் சட்டென்று ஒரு குத்து வெல்லும். சண்டை கேம் என்று பெயர் வைத்த எல்லாவற்றுக்கும் அடியில் இந்த முக்காலிதான் இருக்கிறது. அதில் ஒரு காலை நாங்களே உடைத்துவிட்டு, முக்காலி சாய்கிறதே என்று கைலைத் திட்டிக்கொண்டிருந்தோம். இன்றைக்கு நான் கேட்கிற பேலன்ஸ் புகார்களில் பாதிக்கு மேல் இந்த ரகம்தான். கேமில் இருக்கிற பதிலைப் புகார் சொல்கிறவர் இன்னும் தேடவில்லை, அல்லது தேடக் கூடாது என்று அவரே ஒரு சட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார்.

சரி, திறமைக்கு வருவோம். ஹாஸ்டலில் திறமை என்றால் கைவேகம் என்றுதான் அர்த்தம் பண்ணுவார்கள். அதற்கு டெக்கனைவிட நல்ல உதாரணம் கிடையாது. மிஷிமா குடும்பத்துக் கேரக்டர்களுக்கு 'எலக்ட்ரிக்' என்று ஒரு குத்து உண்டு. முன்னால் ஒரு தட்டு, ஸ்டிக்கை விட்டு, கீழே, பிறகு கீழ்-முன் மூலை. அந்த மூலையைத் தொடுகிற அதே ஃப்ரேமில் குத்து பட்டனும் விழ வேண்டும். ஃப்ரேம் என்பது திரையில் வந்து மாறுகிற ஒரு படம், விநாடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேம் சுமார் 16.7 மில்லிசெகண்ட். ஒரு ஃப்ரேம் தள்ளிப் போனாலும் அதே மாதிரி தெரிகிற சாதாரணக் குத்துதான் வரும். பார்க்க ஒன்று போலிருந்தாலும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும்: சாதாரணக் குத்தை எதிராளி தடுத்துவிட்டால் அடி வாங்கப் போவது நீங்கள். எலக்ட்ரிக்கைத் தடுத்தாலும் அடுத்த முறை உங்களுடையதுதான்.

இது கேரம் போர்டு திறமை. பாக்கெட்டும் காயினும் எதிரே தெரிகிறது, என்ன செய்ய வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. விரல் ஒத்துழைக்கிறதா என்பதுதான் கேள்வி. வடசென்னையில் சாயங்காலம் தெருவிளக்கு வெளிச்சத்தில் ரெட்டையும் ஃபாலோவையும் ஒரே ஷாட்டில் போடுகிற ஆட்களைப் பார்த்தவன் யாரும் அதைக் குறைவாகப் பேச மாட்டான். ஆனால் கைத்திறமைக்கு ஒரு குணம் உண்டு. அது வந்துவிட்டால் வந்ததுதான். எலக்ட்ரிக்கைப் பத்துக்கு ஒன்பது போடப் பழகிய இருவர் எதிரெதிரே உட்கார்ந்தால் அந்தத் திறமை கணக்கிலிருந்தே கழன்றுவிடும். அதற்குப் பிறகு மேட்சில் மிச்சம் இருப்பது எதுவோ, அதைத்தான் நான் ஆழம் என்று சொல்வேன்.

அந்த மிச்சத்தைக் காட்ட எல்லோரும் எடுத்துப் போடுகிற ஒரு வீடியோ இருக்கிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2004, கலிபோர்னியாவில் நடந்த இவோ என்ற பெரிய சண்டை கேம் போட்டி, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3 தேர்ட் ஸ்ட்ரைக். டைகோ உமெஹாராவின் கென்னுக்கு நூல் அளவு உயிர் மிச்சம். ஜஸ்டின் வோங்கின் சுன்-லி 15 அடி கொண்ட சூப்பர் என்ற பெரிய தாக்குதலை விடுகிறாள். டைகோ 15 அடியையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பேரி செய்து, திருப்பி அடித்து அந்த ரவுண்டை எடுக்கிறார். கூட்டம் கூரையைப் பிய்க்கிறது. (அந்தப் போட்டியின் கோப்பை அவருக்குக் கிடைக்கவில்லை, இறுதியில் வேறொரு ஜப்பானியரிடம் தோற்றார். வீடியோ பார்க்கிறவர்கள் பலருக்கு இது தெரியாது.)

அதைப் பார்த்து "என்னா கை!" என்கிறோம். கை இருந்தது உண்மை. ஆனால் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பேரி என்பது அடி வந்து சேருகிற நேரத்தில் ஸ்டிக்கை முன்னால் தட்டுவது. சூப்பரின் ஒளி வெட்டியதைப் பார்த்தபின் தட்டினால் முதல் அடிக்கு நேரம் போதாது. அதாவது டைகோ முதல் தட்டைச் சூப்பர் வருவதற்கு முன்பே தட்டியாக வேண்டும். எப்படித் தெரிந்தது? அந்த நிலைமையில் அவர் தடுத்தாலே உயிர் போய்விடும், தடுப்பின் மேல் விழுகிற சில்லறைச் சேதமே போதும். அதனால் சூப்பரை விடுவது ஜஸ்டினுக்கு ரொம்ப நியாயமான முடிவு. எதிராளி நியாயமாக யோசிப்பார் என்று நம்பி டைகோ காத்திருந்தார். மீதி 14 தட்டு கை. அந்த முதல் தட்டு தலை.

இன்னொரு வகைத் திறமை உண்டு, அதற்குத் தமிழில் கவனம் என்று சொல்வதைவிட நல்ல வார்த்தை எனக்குத் தெரியவில்லை. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் டிரைவ் இம்பாக்ட் என்று ஒரு முரட்டு அடி. தயாராகி வந்து விழ 26 ஃப்ரேம் ஆகும், அதாவது 430 மில்லிசெகண்டுக்கும் மேல். கண்ணால் பார்த்து விரல் அசைக்க மனிதனுக்கு 200 முதல் 250 மில்லிசெகண்ட் போதும், 12 முதல் 15 ஃப்ரேம் கணக்கு. அப்படியானால் இந்த அடி யார்மீதும் படவே கூடாது. பயிற்சி அறையில் அதை மட்டும் எதிர்பார்த்து நின்றால் எங்கள் அம்மாகூடத் திருப்பி அடித்துவிடுவார். மேட்சிலோ, உலக மேடையிலேயே பெரிய பெரிய ஆட்கள் வாங்குகிறார்கள். ஏனென்றால் அந்த நேரத்தில் எதிராளி எகிறுவானா, ஓடி வந்து த்ரோ போடுவானா, என் குத்துக்கு எட்டாத தூரத்தில் நிற்கிறானா என்று நாலு விஷயத்துக்கு மூளை வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஐந்தாவது உள்ளே வர இடமில்லை. ஒவ்வொன்றும் தனியாக வந்தால் சுலபமாகவும் சேர்ந்து வந்தால் முடியாததாகவும் இருப்பதுதான் நல்ல வடிவமைப்பு என்று நினைக்கிறேன்.

இதே கேமில் 'மாடர்ன் கன்ட்ரோல்' வந்தபோது நம்மூரிலும் பெரிய அமளி. ஸ்டிக் சுழற்றாமல் ஒரே பட்டனில் ஸ்பெஷல் வரும், அப்படிப் போட்டால் சேதம் 20 சதவீதம் குறையும். "திறமையே தேவையில்லைன்னு ஆக்கிட்டாங்க" என்றார்கள். சனிக்கிழமைகளில் அசோக் நகரில் நண்பர் வீட்டில் ஏழெட்டுப் பேர் கூடி ஆடுவோம். அங்கே ஒரு தங்கை மாடர்னில்தான் ஆடுகிறாள். நாங்கள் எகிறினால் ஒன்று தவறாமல் கீழே தள்ளுவாள். அதைப் பார்த்து முனகாத ஆளில்லை. ஆனால் அவளிடம் தோற்பவர்கள் எகிறித் தோற்பதில்லை. எகிறுவதை நிறுத்திவிட்டுத் தரையில் நடந்து வரும்போது தோற்கிறார்கள், அங்கே அவளுக்குக் குறுக்குவழி எதுவும் இல்லை. 2013-இல் டைவ்கிக் என்று ஒரு கேம் வந்தது. மொத்தமே இரண்டு பட்டன், ஒன்று எகிற, ஒன்று உதைக்க. ஒரு உதை பட்டால் ரவுண்டு காலி. கேலிக்காகச் செய்த கேம்தான், ஆனாலும் உட்கார்ந்தால் தூரம் அளப்பதும் எதிராளியைப் படிப்பதும் அப்படியே இருக்கும். கைவேலையைக் கழித்தால் திறமை போய்விடும் என்பவர்கள் அதை ஒரு மணி நேரம் ஆடிப் பார்க்கலாம்.

"டெக்கன் பட்டன் அமுக்குற கேம்" என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். இந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது எடி என்ற கேரக்டர். டெக்கன் 3 நம் ஊருக்கு எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. பர்மா பஜார் சிடியில் வந்தது, பிளேஸ்டேஷன் இல்லாதவன் கம்ப்யூட்டரில் எமுலேட்டர் போட்டு ஆடினான், ஒரே கீபோர்டில் இரண்டு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு. எடியை எடுத்து இரண்டு உதை பட்டனையும் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினால் அவன் தலைகீழாகச் சுழன்று சுழன்று உதைப்பான். எதிரில் இருப்பவனுக்கு எது மேலே வருகிறது, எது கீழே வருகிறது என்றே புரியாது. முதல் நூறு மேட்ச் அப்படித்தான் போகும். எந்த உதையைக் குனிந்து தடுக்க வேண்டும், எந்த இடத்தில் அவன் ஓய்ந்து நிற்கிறான் என்று ஒரே ஒரு முறை தெரிந்துவிட்டால் அமுக்குகிறவன் கதை முடிந்தது.

இதில் டெக்கனின் பலமும் இருக்கிறது, பலவீனமும் இருக்கிறது. ஒரு கேரக்டருக்கு நூறுக்கும் மேற்பட்ட மூவ். டெக்கன் 8 வெளிவந்தபோது 32 கேரக்டர். பெருக்கிப் பாருங்கள், மூவாயிரத்தைத் தாண்டும். இத்தனைக்கும் பதில் மனப்பாடம் பண்ணுவது ஆழமா? என் கணக்கில் இல்லை. அது அகலம். பப்ளிக் எக்ஸாமுக்கு கைடு மனப்பாடம் செய்கிற மாதிரி, படித்தால் வரும், படிக்காவிட்டால் வராது, நடுவில் யோசிக்க ஒன்றுமில்லை. டெக்கனின் நிஜமான ஆழம் வேறு இடத்தில் இருக்கிறது: நடையில். பக்கவாட்டில் ஒரு அடி வைத்தால் நேர்க்கோட்டுக் குத்துகள் காற்றில் போகும். கொரியர்கள் கண்டுபிடித்த பேக்டேஷ் என்ற வேகமான பின்வாங்கல் தெரிந்தவன் தடுக்கக்கூட வேண்டாம், அடி எட்டாத அரையடி தூரத்தில் வழுக்கிக்கொண்டே இருப்பான். உங்கள் குத்து வீணான அந்தக் கணத்தில் திரும்பி வருவான். இரண்டு நல்ல ஆட்டக்காரர்கள் பத்து விநாடி ஒருவரையொருவர் தொடாமலே நகர்ந்துகொண்டிருப்பதைப் பார்த்து என் மனைவி, "ரெண்டு பேரும் ஏன் சும்மா நிக்கிறாங்க?" என்றாள். அந்தப் பத்து விநாடிதான் டெக்கன்.

அந்த ஆழத்தை உலகத்துக்குக் காட்டியது லாகூரிலிருந்து வந்த ஒரு பையன். 2019-இல் அர்ஸ்லான் ஆஷ் இவோ ஜப்பானையும், அதே ஆண்டு அமெரிக்காவில் நடந்த இவோவையும் டெக்கன் 7-இல் ஜெயித்தார். அதற்கு முன் பாகிஸ்தான் ஆட்டக்காரர்களை யாரும் கணக்கிலேயே எடுத்ததில்லை. ஜெயித்துவிட்டு, ஊரில் என்னைவிட நல்லா ஆடுறவங்க இருக்காங்க என்கிற தொனியில் பேசினார். தன்னடக்கம் என்று நினைத்தார்கள். பல வருஷம் கொடிகட்டிப் பறந்த கொரிய ஆட்டக்காரர் 'நீ' (Knee) பாகிஸ்தானுக்கே போய் ஆடிப் பார்த்துப் பெயர் தெரியாதவர்களிடம் தோற்று வந்தார். சர்வர் இல்லை, ஸ்பான்சர் இல்லை, விசா கிடைப்பதே பாடு. ஒரே ஊரில் ஒரே கடையில் அதே ஆட்கள் அதே ஆட்களோடு வருஷக்கணக்கில் ஆடியிருக்கிறார்கள். ஒருவன் ஒரு தந்திரம் கொண்டுவந்தால் மறுநாள் பத்துப் பேர் அதற்கு மாற்று கொண்டுவருவார்கள். ஆழத்தை நான் அளப்பது இப்படித்தான்: ஒரே ஆளோடு நூறு மேட்ச் ஆடியபின் நூற்றியொன்றாவதில் அவன் என்னிடம் கேட்பதற்குப் புதுசாக ஒரு கேள்வி இருக்கிறதா? டெக்கனிலும் ஸ்ட்ரீட் ஃபைட்டரிலும் இருக்கிறது. பார்க்க ஜொலிக்கிற பல கேம்களில் முப்பதாவது மேட்சிலேயே தீர்ந்துவிடும்.

ஸ்மாஷ் சின்னப் பசங்க கேம் என்ற நண்பரிடம் ஸ்மாஷ் வரிசையின் மெலீ பற்றிச் சொல்லுங்கள். 2001-இல் வந்தது. மரியோவும் பிகாச்சுவும் குதிக்கிற அதே கேம். காற்றில் விலகும் மூவைத் தரையை நோக்கிச் சாய்த்தால் வழுக்கிக்கொண்டே போகலாம் என்று ஆட்டக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். தரை தொடும்போது பட்டன் தட்டினால் தாமதம் பாதியாகும். இரண்டையும் சேர்த்தால் விரல் ஓடும் வேகம் பியானோ வித்வானுக்குச் சவால். 2002-க்குப் பிறகு யாரும் அந்தக் கேமைத் தொட்டுத் திருத்தவில்லை. ஆரம்ப வருஷங்களில் ஜிக்லிபஃப் என்ற கேரக்டரை யாரும் மதிக்கவில்லை, 2016 இவோவை ஹங்ரிபாக்ஸ் அதை வைத்துத்தான் ஜெயித்தார். யோஷியை வைத்து யாரும் பெரிய போட்டி ஜெயிக்கவே முடியாது என்றார்கள், 2022-இல் ஜப்பானின் ஆம்சா தி பிக் ஹவுஸ் 10-ஐ ஜெயித்தார். கேம் மாறவில்லை. ஒரு எழுத்துகூட மாறவில்லை. மாறியது ஆட்கள் கண்டுபிடித்த விஷயங்கள் மட்டும்.

இங்கேதான் பேலன்ஸ் பற்றி எனக்குக் கொஞ்சம் முரட்டுக் கருத்து. பேலன்ஸை எல்லோரும் தலையில் தூக்கி வைக்கிற அளவு அது முக்கியம் இல்லை. ஒத்தையா இரட்டையா விளையாடியிருப்பீர்கள், கைக்குள் புளியங்கொட்டை. அதைவிடப் பேலன்ஸான கேம் உலகத்தில் கிடையாது, இரு பக்கமும் சரிபாதி. பத்து நிமிஷம் ஆடினால் கொட்டாவி வரும். செஸ்ஸில் வெள்ளைக்காய்க்கு மொத்தப் புள்ளிகளில் சுமார் 54, 55 சதவீதம் போகிறது. முதல் நகர்த்தல் என்ற ஒரே காரணத்துக்காகச் சாய்ந்திருக்கிற ஆட்டம். அதற்காகச் சென்னையில் எந்தப் பிள்ளையும் செஸ் வகுப்பை விட்டு நின்றதாகத் தெரியவில்லை.

சண்டை கேமுக்குச் சரியான உவமை நம் பாட்டி வீட்டுத் திண்ணையிலேயே கீறப்பட்டிருக்கிறது: ஆடு புலி ஆட்டம். 3 புலி, 15 ஆடு. புலி தாவி வெட்டலாம், ஆடு வெட்டவே முடியாது, சூழ்ந்து நின்று வழியை அடைக்க மட்டும்தான் முடியும். இரண்டு பக்கத்துக்கும் பலம் வேறு, வேலை வேறு, ஜெயிக்கிற வழியே வேறு. ஆரம்பத்தில் ஆடுகளைச் சிதறி வைக்கிறவனுக்குப் புலி அநியாயமாகத் தெரியும். ஓரத்திலிருந்து அடைத்துக்கொண்டு வரத் தெரிந்தவனிடம் அதே புலி மூச்சுத் திணறும். ஸ்ட்ரீட் ஃபைட்டரில் ஸாங்கீஃபும் தால்சிமும் மோதுவது இதேதான். ஒருவன் கிட்டே வந்து பிடித்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. இன்னொருவன் கையையும் காலையும் கயிறு மாதிரி நீட்டி அவனை வரவிடாமல் அடிக்க வேண்டும். (தால்சிம் நம்ம நாட்டுக்காரராம். கழுத்தில் மண்டையோட்டு மாலை, வாயில் நெருப்பு, பின்னால் யானை வரிசை. மாம்பலத்தில் யாரும் அவரைச் சொந்தக்காரராக ஏற்கவில்லை.) இந்த மேட்ச்அப்பை 6-4, 7-3 என்று எழுதுவார்கள், சம திறமை உள்ள இருவர் பத்து முறை ஆடினால் யாருக்கு எத்தனை என்ற கணிப்பு. 6-4 என்றால் நீங்களும் நானும் கவலைப்பட ஒன்றுமே இல்லை. நம் மட்டத்தில் தோல்விக்குக் காரணம் அந்தப் பத்தில் ஒன்று இல்லை, நம் தப்பு முப்பது இருக்கும்.

அப்படியானால் பேலன்ஸ் எப்போது நிஜமாகக் கெடுகிறது? ஒரு கேரக்டர் பலமாக இருப்பதால் கெடுவதில்லை. மற்றவர்கள் எடுக்கக்கூடிய முடிவுகளை அது அர்த்தமில்லாமல் ஆக்கும்போதுதான் கெடுகிறது. 1994-இல் வந்த சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போவில் ஒளித்து வைத்திருந்த அகுமா காற்றிலிருந்தே பந்து விடுவான், நின்று பதில் சொல்லப் பலருக்கு வழியே கிடையாது. அதனால் போட்டிகளில் அவனை ஒதுக்கினார்கள். அதில் தப்பு சொல்ல மாட்டேன். எங்கள் கைல் தடைக்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது. கைலுக்குப் பதில் கேமிலேயே இருந்தது.

இதற்கு நேர் எதிரான அதிசயம் மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2. 2000-இல் வந்தது, 56 கேரக்டர். போட்டி மட்டத்தில் சுற்றிச் சுற்றி மாக்னீட்டோ, ஸ்டார்ம், சென்டினல், கேபிள் என்ற நாலு பேர்தான், கூட உதவிக்குக் கூப்பிட இன்னும் சிலர். காகிதத்தில் பார்த்தால் உலக மகா பேலன்ஸ் தோல்வி. ஆனால் அந்த நாலு பேரும் ஒருவருக்கொருவர் எதிராக எவ்வளவு கொடூரமானவர்கள் என்றால், மிச்சமிருந்த அந்தச் சின்ன வட்டத்துக்குள்ளேயே பத்து வருஷத்துக்கு மேல் புதுசு புதுசாகக் கண்டுபிடித்தார்கள். மற்றவர்கள் கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளிக்கும் பொம்மைகள். நல்ல கேம் என்பேன். என் தம்பிக்கு வாங்கிக் கொடுக்க மாட்டேன்.

இப்போது பேட்ச், அதாவது கேமைத் திருத்திக் கம்பெனி அனுப்புகிற அப்டேட் என்ற வியாதி. ஒரு கேரக்டர் பலமாகத் தெரிந்தால் மாற்று தேடுவதற்குப் பதில் அடுத்த அப்டேட்டுக்காகக் காத்திருக்கிறார்கள். சில நேரம் பேட்ச் வேண்டும்தான். டெக்கன் 7-இல் 2019 டிசம்பரில் லீராய் என்ற கேரக்டர் வந்தபோது அடுத்த மாதப் பெரிய போட்டி மேடையில் திரும்பிய பக்கமெல்லாம் லீராய், அதைக் குறைத்தே ஆக வேண்டியிருந்தது. ஆனால் அதே கம்பெனி 2025 ஏப்ரலில் டெக்கன் 8-இன் இரண்டாவது சீசனுக்கு எல்லோருக்கும் தாக்குதலை அள்ளிக் கொடுத்தது. கேரக்டர்களுக்குள் சமநிலை ஒரு பக்கம் இருக்கட்டும், தடுக்கிறவனுக்கு யோசிக்கவே இடமில்லை, அடிக்கிறவன் தள்ளிக்கொண்டே வருகிறான் என்று உலகம் முழுக்க ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள், அவசரத் திருத்தம் வந்தது. கவனித்தீர்களா, அவர்கள் கேட்டது பேலன்ஸ் இல்லை. நான் மேலே சொன்ன அந்தப் பத்து விநாடி நடையைத் திருப்பிக் கேட்டார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மார்ட்டல் காம்பாட் பார்க்க அருமை, ஆடத் தொடங்குவது சுலபம், ஆனால் ஒவ்வொரு கேமிலும் அடித்தளத்தையே மாற்றிவிடுகிறார்கள். நம்ம ஆட்கள் ஃபேட்டாலிட்டி பார்த்துவிட்டு மூன்று மாதத்தில் வைத்துவிடுகிறார்கள், அது கேமின் குற்றமா நம் குற்றமா என்பதை அவரவர் மனசாட்சிக்கு விடுகிறேன். கில்டி கியரில் எல்லோரிடமும் ஏதோ ஒரு அநியாயம் இருக்கும், அதனாலேயே ஒருவகை நியாயம் வந்துவிடும். வர்ச்சுவா ஃபைட்டர் குத்து, உதை, தடுப்பு என்று மூன்றே பட்டனில் 1993-இலிருந்து நிற்கிறது. எனக்குத் தெரிந்தவற்றில் ஆழத்துக்கு முதலிடம் அதற்குத்தான் தருவேன். சென்னையில் ஆட ஆள் கிடைக்க மாட்டார்கள், அதனால் அந்தப் பேச்சு வேண்டாம்.

ஆள் கிடைப்பது என்றதும் வாங்கும் விஷயம் வருகிறது. ஆன்லைனில் ஆடலாமே என்பீர்கள். சென்னையிலிருந்து கடலுக்கடியில் சிங்கப்பூர் போகும் கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போய்த் திரும்ப 32 மில்லிசெகண்ட், ஏறக்குறைய 2 ஃப்ரேம், அது இயற்பியல் கேட்கிற கட்டணம். உங்கள் ஹாஸ்டல் வைஃபை கேட்கிற கட்டணம் தனி. எதிராளி என்ன அமுக்குவான் என்று கேம் ஊகித்து ஓட்டிவிட்டு, தப்பாகிவிட்டால் பின்னால் போய்த் திருத்துகிற ரோல்பேக் என்ற ஏற்பாடு டெக்கன் 8, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 இரண்டிலும் இருக்கிறது. அதனால் ஓரளவு தாங்கும். இரண்டுமே பிளேஸ்டேஷனில் இருப்பவனையும் கம்ப்யூட்டரில் இருப்பவனையும் சேர்த்து ஆடவிடும். ஆனால் நீங்கள் நாலு பேர் ஒரே கட்டிடத்தில் இருக்கிறீர்கள், லாகூர் பையன்களுக்கு இருந்த வசதி அதுதான்.

நாலு பேருமே புதுசு என்றால் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 வாங்குங்கள். மாடர்னில் ஆரம்பித்தால் ஒரு வாரத்தில் கை தடை நீங்கி எதிராளியைப் பார்க்க ஆரம்பிப்பீர்கள். யார் எத்தனை ஃப்ரேம் பின்தங்கினார் என்று பயிற்சி அறையில் கலர் கட்டமாகக் காட்டும், "சீட்டிங்" என்று கத்துவதற்கு முன் அதைத் திறந்து பாருங்கள். நால்வரில் ஒருவன் ஏற்கெனவே டெக்கனில் ஊறியவன் என்றால் கணக்கு மாறும், டெக்கன் 8 வாங்கி அவனிடம் தினமும் உதை வாங்குங்கள், தனியாகப் படித்தால் ஒரு வருஷம் ஆவது மூன்று மாதத்தில் வரும். ஆர்கேட் ஸ்டிக் இப்போது வேண்டாம். ரிச்சி தெருவில் கம்பி வைத்த நல்ல கேம்பேட் ஒன்று வாங்கினால் போதும். ஒருவனுக்கு ஒரு கேரக்டர், மூன்று மாதம் மாற்றக் கூடாது. த்ரோவுக்குத் தடை போட்டால் என் பெயரைச் சொல்லாதீர்கள்.

ஹாஸ்டல் டிவியில் ஆடுவதாக இருந்தால் செட்டிங்கில் போய் கேம் மோடைப் போட்டுவிடுங்கள். அது போடாத டிவி பல ஃப்ரேம் தாமதமாகத்தான் படம் காட்டும். பிறகு தோற்றதற்கு எந்தக் கேமைத் திட்டுவது என்று நீங்கள் மறுபடி சண்டை போட வேண்டியிருக்கும்.